ஹீட்டர் பிளக் சுடுகிறது, எம்.சி.பி. டிரிப் ஆகவில்லை: தொடர்ந்து பயன்படுத்தலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 2000 வாட் ஃபேன் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. பல மாதங்களாகப் பரணில் கிடந்ததைக் குளிர் தொடங்கியதும் எடுத்து, 74 வயதான என் அம்மாவின் அறையில் வைத்திருக்கிறோம். சுவர் சாக்கெட் கட்டிலுக்குப் பின்னால் இருப்பதால், டிவிக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓர் அடாப்டரைப் பொருத்தி அதில் செருகியிருக்கிறோம். பாக்ஸின் மீது 6 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. அரை மணி நேரம் ஓடினால் பிளக் தொட முடியாதபடி சுடுகிறது. ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டது. முதல் நாள் கருகிய வாடை வந்தது. ஆனால் மின்னோட்டம் அளவை மீறினால் தானாக அணைந்துவிடும் (டிரிப் ஆகும்) 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் ஒருமுறைகூட டிரிப் ஆகவில்லை என்பதால் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் மைத்துனர். இதை இரவு முழுவதும் ஓடவிடலாமா? ஹீட்டர் அறையிலுள்ள ஆக்சிஜனைக் குறைத்துவிடும், அருகில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா? எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: முதலில் ஒரு வேலையைச் செய்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால், அதன் சுவிட்சை அணைத்து, பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மின்சாரம் தரும் சுவர் சுவிட்சையும் அணைத்து, பிளக் நன்றாக ஆறிய பின் அதைக் கழற்றி வையுங்கள். ஓடும்போதே பிளக்கை இழுக்க வேண்டாம். அவ்வளவு மின்னோட்டத்தில் பின் பிரியும் கணத்தில் பொறி பறக்கும். அந்த அடாப்டரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் இந்த ஹீட்டருக்கு இனி ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பழுப்பேறிய பிளக்கை மாற்றும் வரை ஹீட்டரையும் வேறு எந்தச் சாக்கெட்டிலும் செருகிப் பார்க்கக் கூடாது, ஏனெனில் கெட்டுப்போன பிளக் நல்ல சாக்கெட்டையும் கெடுத்துவிடும்.

உங்கள் மைத்துனர் சொல்வதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. எம்.சி.பி. டிரிப் ஆகாதவரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணாத வீடே அரிது. அதனாலேயே இதைச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறேன். எம்.சி.பி.க்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: தன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பது. வயரிங்கில் எந்த இடம் சுடுகிறது என்று அது அறியாது. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் உங்கள் 2000 வாட் ஹீட்டர் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 8.7 ஆம்பியர். இது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்கக்கூடிய 6 ஆம்பியரைவிட மிக அதிகம், ஆனால் எம்.சி.பி.யின் 16 ஆம்பியரோடு ஒப்பிட்டால் பாதியை ஒட்டியது. ஆகவே பாக்ஸின் உள்ளே இருக்கும் மெல்லிய வயரும் தகடுகளும் தங்கள் வரம்பைத் தாண்டி வதங்கிக்கொண்டிருக்கும்போது, எம்.சி.பி.யின் பார்வையில் எல்லாம் இயல்பாகவே இருக்கும். வீடுகளில் பயன்படும் எம்.சி.பி.க்கான பன்னாட்டுத் தரநிலைப்படி, 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று 18 ஆம்பியர் வரை போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகக் கூடாது. ஏறத்தாழ 23 ஆம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகியே தீர வேண்டும். அது சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காப்பதற்காக அன்று.

இதைவிட முக்கியமானது பழுப்பேறிய அந்த ஒரு பின். பிளக்கின் பின்னும் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் தகடும் இறுக்கமாகக் கவ்வியிருக்கும்போது அவற்றுக்கிடையே மின்தடை இல்லை என்றே சொல்லலாம். தகடு தளர்ந்தாலோ, பின்னின் மீது ஆக்சைடு படிந்தாலோ, அந்தச் சிறு இடத்தில் மின்தடை பிறக்கிறது. அது வெறும் 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் அங்கே பிறக்கும் வெப்பம் கிடைக்கும்: 8.7ஐ 8.7ஆல் பெருக்கி, அதை 0.3ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 23 வாட். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவர்கள் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதற்கு இணையான வெப்பம் விரல் நுனி அளவுள்ள ஓர் இடத்தில், பிளாஸ்டிக்கால் மூடப்பட்டு, உங்கள் அம்மாவின் கட்டிலுக்கு அருகே, மணிக்கணக்கில் பிறந்துகொண்டிருக்கிறது. அதே நேரத்தில் ஹீட்டரின் மொத்த மின்தடை சுமார் 26 ஓம் என்பதால், கூடுதலாக வந்த 0.3 ஓம் மின்னோட்டத்தை ஒரு சதவீத அளவுக்குக் குறைக்கவே செய்கிறது. அதாவது இணைப்பு மோசமாக மோசமாக, எம்.சி.பி.க்குத் தெரியும் மின்னோட்டம் கூடுவதில்லை, சற்றுக் குறைகிறது. லூஸ் கனெக்‌ஷனை எம்.சி.பி. பிடித்துக்கொள்ளும் என்று காத்திருப்பதில் பொருளில்லை என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

இந்தக் கேடு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. சூடு ஏற ஏறத் தகட்டின் விறைப்பு போய், அது பின்னைக் கவ்வும் வலிமை குறைகிறது, ஆக்சைடு தடிமனாகிறது, அதனால் சூடு இன்னும் ஏறுகிறது. நேற்று பழுப்பாகத் தெரிந்த பிளாஸ்டிக் ஒரு கட்டத்தில் கருகி, கரியாகி, தானே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். தீப்பிடிப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மின்சாதனப் பழுதுபார்ப்பில் நெடுங்காலம் ஈடுபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறை ஹீட்டர்களைப் பொறுத்தவரை என் மேசைக்கு வந்தவற்றில் சிவந்து ஒளிரும் காயிலைவிட, யாரும் கவனிக்காத பிளக்கும் சாக்கெட்டுமே என்னை அதிகம் கவலைப்பட வைத்திருக்கின்றன. காயில் சூடாக இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதைச் சுற்றி வலை உண்டு, பாதுகாப்புக் கருவி உண்டு. பிளக்குக்கு அப்படி எதுவும் இல்லை.

எலக்ட்ரீஷியன் வந்தால் அவரிடம் கேட்க வேண்டியவை சில. ஹீட்டரின் பிளக்கை, அதற்குரிய ஆம்பியர் அளவு பொறித்த புதிய பிளக்காக மாற்றச் சொல்லுங்கள். பிளக்கை ஒட்டிய வயர் விறைத்தோ, உள்ளிருக்கும் செம்புக் கம்பி கறுத்தோ இருந்தால், பளபளப்பான செம்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு இணைக்க வேண்டும். அப்படி நல்ல பகுதி கிடைக்காவிட்டால் வயர் முழுவதையும் மாற்ற வேண்டும். வயர் நுனியில் ஈயம் பற்றவைத்து ஸ்க்ரூவுக்குள் இறுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும் உலோகம் என்பதால், இன்று இறுக்கிய ஸ்க்ரூ சில மாதங்களில் தானாகத் தளர்ந்துவிடும். எனவே அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். பழுப்பேறிய பின்னை உப்புக் காகிதத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவதையும் ஏற்க வேண்டாம். மேற்பூச்சு போய்விட்ட பின் முன்னைவிட விரைவில் கறுக்கும். அம்மாவின் அறையிலேயே, கட்டில் மறைக்காத ஒரு சுவரில், ஹீட்டருக்கென்று தனியாக ஒரு பவர் சாக்கெட்டை, போர்டிலிருந்து நேராக வரும் தகுந்த தடிமனுள்ள வயரோடும் எர்த் இணைப்போடும் வைத்துக்கொடுப்பதுதான் இதற்கு முறையான தீர்வு. அது முடியும் வரை, கட்டிலை நகர்த்திச் சுவர் சாக்கெட்டைப் பயன்படுத்தலாமா என்றால், அந்தச் சாக்கெட் இவ்வளவு சுமைக்கு உரியதா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகு பயன்படுத்தலாம். புதிய இணைப்பில் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் உடலைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இலேசான வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள்.

முதல் நாள் வந்த வாடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல மாதங்கள் பரணில் கிடந்த ஹீட்டரின் காயிலில் படிந்த தூசி எரிவதால் முதல் சில நிமிடங்கள் ஒரு கருகல் வாடை வரும். ஜன்னலைத் திறந்துவைத்து, அருகிலேயே இருந்து கவனித்தால் அது அடங்கிவிடும். ஆனால் அது அடங்காமல் தொடர்ந்தாலோ, பிளாஸ்டிக் உருகுவது போன்ற வாடையோ மீன் கவிச்சை போன்ற வாடையோ வந்தாலோ, அது தூசியன்று. பிளக்குகளிலும் சுவிட்சுகளிலும் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடாகும்போது மீன் வாடையை ஒத்த நாற்றத்தை வெளியிடுகின்றன. வீட்டில் மீனே இல்லாத நாளில் அந்த வாடை வந்தால், போர்டையும் சாக்கெட்டுகளையும் பார்க்க ஆள் அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரவு முழுவதும் ஓடவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இந்த ஃபேன் ஹீட்டரை வேண்டாம். இதை வெறுமனே மறுத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை, ஏனெனில் குளிரும் முதியவர்களுக்கு உண்மையான ஆபத்துதான். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுச்சூழல் வழிகாட்டுதல்களில், குளிர்காலத்தில் வீட்டினுள் 18 டிகிரி செல்சியஸ் பாதுகாப்பான வெப்பநிலையாகக் கூறப்பட்டிருக்கிறது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் தேவைப்படலாம். எனவே அம்மாவின் அறையில் ஒரு சாதாரண வெப்பமானியை மாட்டுங்கள். அவர் படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு, வீட்டில் ஒருவர் விழித்திருக்கும்போது, ஹீட்டரை ஓடவிட்டு அறையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஜன்னல் இடுக்குகளையும் கதவின் அடி இடைவெளியையும் துணியால் அடைத்து, தடித்த திரை போட்டு, படுக்கும் முன் அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பல வீடுகளில் இதுவே போதுமானதாக இருக்கும்.

அப்படியும் நள்ளிரவில் வெப்பநிலை 18க்குக் கீழே இறங்கிவிடுகிறது என்றால், எடுத்துச் செல்லும் ஹீட்டர் அதற்கான கருவியன்று. எலக்ட்ரீஷியன் சுவரில் நிரந்தரமாகப் பொருத்தி, பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்துத் தரும், தெர்மோஸ்டாட் உள்ள பேனல் ஹீட்டர் ஒன்றை அந்த அறைக்கு வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். எண்ணெய் நிரப்பிய ஹீட்டரை, அதாவது தூண்தூணாக அடுக்கிய தகடுகளோடு உருளைச் சக்கரத்தில் நகரும் வகையை, பலர் இரவு முழுவதும் வைக்கிறார்கள். அதன் வெளிப்புறம் செந்தணலாகக் காய்வதில்லை, உள்ளே விசிறியும் இல்லை என்பதால் ஃபேன் ஹீட்டரைவிடவும் குவார்ட்ஸ் ராடு ஹீட்டரைவிடவும் அது மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதன் பிளக்கும் இதே பிளக்தான், அதன் மீது நழுவி விழும் கம்பளியும் இதே கம்பளிதான். தனியாக உறங்கும் 74 வயது அம்மாவின் அறையில் அதையும் கண்காணிப்பின்றி விட என் மனம் ஒப்பாது. எதை வைத்தாலும் அந்த அறையில் புகை அலாரம் ஒன்று இருக்கட்டும்.

அம்மா விழித்திருக்கும்போது ஹீட்டரை எங்கே வைப்பது என்பதும் உண்டு. கட்டில், திரை, நாற்காலி, செய்தித்தாள், வாசனைத் தெளிப்பான் டப்பா என எதுவாக இருந்தாலும் ஹீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும். தரைவிரிப்புக்கு அடியிலோ கதவு இடுக்கிலோ வயரைக் கொண்டுபோகக் கூடாது. அடியில் போன வயரின் சூடு வெளியேற வழியில்லை, அது மிதிபட்டு நைந்துபோனாலும் யாருக்கும் தெரியாது. ஈரத் துணியை ஹீட்டரின் மீது உலர்த்துவது தீ விபத்துக்கு நேரான வழி. குளியலறைக்கு இதை எடுத்துச் செல்லவே கூடாது.

இன்னொன்றையும் தவறாமல் கவனியுங்கள். வயதானவர்களுக்கு, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கு, பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு பொறுக்க முடியாமல் காலை இழுத்துக்கொள்ளும் அனிச்சைச் செயலும் அவர்களிடம் மந்தமாகிவிடுகிறது. 44 டிகிரி செல்சியஸ் என்பது கையால் தொட்டால் இதமாகவே தோன்றும் சூடு. ஆனால் தோல் அதே சூட்டில் ஆறு மணி நேரம் தொடர்ந்து இருந்தால் புண்ணாகிவிடும். ஹீட்டரைக் காலுக்கு நேராகத் திருப்பிவைத்து நாள்தோறும் நெடுநேரம் அமர்ந்தால், வாரக்கணக்கில் வலை பின்னியது போன்ற செம்பழுப்புத் தழும்பு தோலில் தோன்றுவதும் உண்டு. அப்படி ஏதாவது கண்டால் ஹீட்டரை அகற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். காலைச் சூடாக்குவதைவிட அறையைச் சூடாக்குவதுதான் நோக்கமாக இருக்க வேண்டும்.

ஆக்சிஜன் குறையும் என்பது உண்மையன்று. மின் ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. மின்தடையால் கம்பி சூடாகிறது, அவ்வளவுதான். இந்த அச்சம் கரி அடுப்பையும் கேஸ் ஹீட்டரையும் பற்றிய சரியான அறிவிலிருந்து வந்து, மின் ஹீட்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவை எரியும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கும், வாசனையற்ற கார்பன் மோனாக்சைடையும் வெளியிடும், மூடிய அறையில் உயிரையே பறிக்கும். மின்சாரம் போய்விட்டது என்பதற்காக அம்மாவின் அறையில் கரித் தணல் சட்டி வைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து அதைத் தடுத்துவிடுங்கள். மின் ஹீட்டர் ஓடும் மூடிய அறையில் தலை கனப்பது போல் தோன்றினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் வெளிவிடும் மூச்சே. அவ்வப்போது சில நிமிடங்கள் ஜன்னலைத் திறந்தால் போதும்.

தொண்டையும் தோலும் வறள்வது மட்டும் உண்மை. ஆனால் ஹீட்டர் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடுவதில்லை. 10 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 7.5 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதனால் 17 கிராமுக்கும் மேல் தாங்க முடியும்; உள்ளே இருப்பதோ அதே 7.5 கிராம். எனவே ஈரப்பதம் 43 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது, நம் தோல் அதை வறட்சியாக உணர்கிறது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைப்பதால் சிறிதளவு நன்மை உண்டு, தீங்கில்லை. ஆனால் அது ஹீட்டரின் மீதோ, கால் தட்டினால் அதன் மேல் கொட்டும் இடத்திலோ இருக்கக் கூடாது.

சுத்தம் செய்வதற்கு, பிளக்கைக் கழற்றி ஹீட்டர் முழுவதுமாக ஆறிய பிறகு, வாக்குவம் கிளீனரின் பிரஷ் முனையால் பின்புற வலையிலும் முன்புற வலையிலும் உள்ள தூசியை உறிஞ்சி எடுங்கள். அது இல்லாவிட்டால் மெல்லிய பெயிண்ட் பிரஷ் போதும். வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். உட்புறத்தில் ஈரத்துணியோ திரவமோ படக் கூடாது. தினமும் ஓடும் காலத்தில் இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. காற்று நுழையும் வழி தூசியால் அடைபட்டால் காயிலின் சூட்டை விசிறியால் வெளியே தள்ள முடியாது. உள்ளே வெப்பம் தேங்கி, பாதுகாப்புக்கான தெர்மல் கட்-அவுட் ஹீட்டரை நிறுத்திவிடும். சுத்தம் செய்த பின்னும் அது அடிக்கடி தானாக நின்றால் விசிறி மோட்டார் தளர்ந்திருக்கலாம், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஒருமுறை என்னிடம் வந்த ஹீட்டர் ஒன்றைத் திறந்தபோது, அடிக்கடி நிற்கிறது என்பதற்காக யாரோ அந்தத் தெர்மல் கட்-அவுட்டை நீக்கிவிட்டு ஒரு துண்டு வயரால் நேரடியாக இணைத்திருந்ததைக் கண்டேன். அருகிலிருந்த பிளாஸ்டிக் வளைந்து உருகத் தொடங்கியிருந்தது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை. பழுது பார்த்துத் திரும்பி வரும் ஹீட்டரில் கட்-அவுட்டும், சாய்ந்தால் நிற்கச் செய்யும் சுவிட்சும் அப்படியே இருக்கின்றனவா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும், ஹீட்டரில் விசிறி மட்டும் ஓடும் நிலை இருந்தால், ஓரிரு நிமிடம் அதில் விட்டு நிறுத்துவதும் நல்லது. தேங்கிய சூடு வெளியேறிவிடும்.

குளிர்காலம் முடிந்து எடுத்து வைக்கும்போது, தூசி நீக்கி, வயரை ஹீட்டரின் உடலைச் சுற்றி இறுக்கிக் கட்டாமல் தளர்வாகச் சுருட்டி, பூச்சி புகாதபடி பெட்டியில் இட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். உங்கள் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. இருந்து, அடுத்த பருவத்தில் ஹீட்டரைப் போட்டதும் அது டிரிப் ஆனால், ஈரம் புகுந்திருக்கக்கூடும். ஆர்.சி.சி.பி.யை விலக்கிவிட்டு ஓட்டிப் பார்க்காமல், மெகர் எனப்படும் இன்சுலேஷன் சோதனைக் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் இன்சுலேஷனைச் சோதித்து வாங்குங்கள்.

எலக்ட்ரீஷியன் வரும் நாளில் உங்கள் மைத்துனரும் உடன் இருக்கட்டும். அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கி எறியும் முன், மின் இணைப்பிலிருந்து கழற்றிய நிலையில், அதன் ஸ்க்ரூக்களை அவிழ்த்து மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அடாப்டர் செருகியிருந்த துளையின் தகடும் அதை ஒட்டிய வயரும் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று இருவரும் பாருங்கள். வீட்டில் வேறு எங்கெல்லாம் இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றின் பிளக்குகள் சுடுகின்றனவோ, அந்தச் சாக்கெட்டுகளையும் அன்றே அவரிடம் காட்டிவிடுங்கள்.